15 பவுண்டு வழக்கு: சிட்னியின் முதல் சிவில் தீர்ப்பும் ஒரு கைதித் தம்பதியும்

1788 ஜூலை 1-ம் தேதி, சிட்னி கோவ் குடாவின் கரையில் ஒரு கணவனும் மனைவியும் கப்பல் கேப்டன் ஒருவர் மீது புகார் மனு கொடுத்தார்கள். இங்கிலாந்தில் தங்களுக்காக ஏற்றிவிடப்பட்ட ஒரு மூட்டை கைக்கு வந்து சேரவில்லை, அதற்குக் கேப்டன்தான் பொறுப்பு, நஷ்டம் 15 பவுண்டு என்பது புகார். நான்கு நாள் கழித்து, ஜூலை 5-ல், தம்பதிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

இன்றைக்கு இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று தோன்றலாம். மனு கொடுத்தவர்கள் ஹென்றி கேபிளும் சூசன்னாவும். இருவருமே திருட்டு வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டு, 14 வருட தீவாந்தர தண்டனையில் கப்பலேற்றப்பட்ட கைதிகள். இங்கிலாந்துச் சட்டப்படி அப்படிப்பட்டவர்கள் யார் மீதும் வழக்குப் போடவே முடியாது. ஆனாலும் போட்டார்கள், ஜெயித்தார்கள். ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த முதல் சிவில் வழக்கு இதுதான்.

1788-லிருந்து 1868 வரை பிரிட்டன் சுமார் 1,62,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே சவுக்கும் கால் விலங்கும்தான் முதலில் வரும். அவை எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் குடியேற்றம் வெறும் திறந்தவெளிச் சிறையாகவே நின்றுவிடாமல் ஒரு சமூகமாக எப்படி மாறியது என்று கேட்டால், இந்த வழக்கைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை அடி முதல் நுனி வரை பார்க்க வேண்டியிருக்கிறது.

நார்விச் கோட்டைச் சிறை

ஹென்றி சஃபோக் மாவட்டத்தின் லாக்ஸ்ஃபீல்டு கிராமத்தில் 1763-ல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய காலத்தில், தன் தகப்பனோடும் இன்னொரு ஆளோடும் சேர்ந்து வீடு புகுந்து திருடியதாக 1783-ல் நார்ஃபோக் மாவட்டத்தில் தண்டிக்கப்பட்டார். மூவருக்கும் தூக்கு. வயதைப் பார்த்தோ என்னவோ மகனுக்கு மட்டும் தண்டனையைக் குறைத்து, 14 வருடம் அமெரிக்காவுக்கு அனுப்ப உத்தரவிட்டார்கள். தகப்பனும் கூட்டாளியும் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்ப வழியில்லை. 1775-ல் அங்கே சுதந்திரப் போர் மூண்டதோடு கைதிகளைப் பெற்றுக்கொள்ளும் கதவு சாத்திக்கொண்டது. நீதிமன்றங்களோ முன்பு போலவே நாடு கடத்தும் தண்டனையை விதித்துக்கொண்டே இருந்தன. சிறைகள் பிதுங்கின. 1776-ல் ஒரு சட்டம் போட்டு, கடலோடும் தகுதி போன பழைய கப்பல்களை ஆறுகளிலும் துறைமுகங்களிலும் கட்டிவைத்து அவற்றில் கைதிகளை அடைத்தார்கள். அதுவும் போதவில்லை. அனுப்ப இடமில்லாமல் ஹென்றி நார்விச் கோட்டைச் சிறையிலேயே வருடக்கணக்காகக் கிடந்தார்.

அந்தச் சிறைக்கு 1784-ல் வந்தவர் சூசன்னா ஹோம்ஸ். சர்லிங்ஹாம் என்ற ஊர்க்காரர், ஹென்றியின் வயதுதான் இருக்கும். ஒரு வீட்டிலிருந்து விரிப்புகள், துணிகள், பட்டு மேலங்கிகள், சில வெள்ளிக் கரண்டிகள் ஆகியவற்றைத் திருடினார் என்பது குற்றச்சாட்டு. எல்லாம் சேர்த்து மூன்று பவுண்டுகூடத் தேறாது. அதற்கும் தூக்குதான். பிறகு 14 வருட நாடு கடத்தலாகக் குறைத்தார்கள்.

அன்றைய சிறைகளில் ஆண்களையும் பெண்களையும் இப்போது போலக் கறாராகப் பிரித்து வைப்பதில்லை. இருவரும் நெருங்கினார்கள். 1786-ல் சிறைக்குள்ளேயே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அவனுக்கும் ஹென்றி என்றே பெயர். முறையாகக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை.

சிறைக் காவலர் சிம்ப்சன்

1786 ஆகஸ்டில், கைதிகளை அனுப்பும் இடமாக ஆஸ்திரேலியக் கரையில் உள்ள பாட்டனி பேயை அரசாங்கம் முடிவு செய்தது. கைதிகளைத் திரட்டும் வேலை தொடங்கியது. நவம்பரில், நார்விச் சிறையிலிருந்து மூன்று பெண் கைதிகளை பிளிமத்தில் நிற்கும் டன்கர்க் என்ற சிறைக் கப்பலில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. மூவரில் ஒருவர் சூசன்னா. ஹென்றியின் பெயர் பட்டியலில் இல்லை. தன்னையும் கூட அனுப்புங்கள் என்று அவர் மன்றாடியும் பலனில்லை. கைக்குழந்தையோடு சூசன்னா கிளம்பினார். கூட்டிச்சென்ற காவலர் ஜான் சிம்ப்சன்.

நார்விச் இங்கிலாந்தின் கிழக்கு ஓரம். பிளிமத் தென்மேற்கு மூலை. நாட்டைக் குறுக்காகக் கடந்து போய்ச் சேர்ந்தால், சிறைக் கப்பலின் கேப்டன் பெண்களை மட்டும் ஏற்றுக்கொண்டார். குழந்தையை எடுக்க தன்னிடம் உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டார். தாயின் கையிலிருந்து குழந்தையைப் பிரித்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சூசன்னா கதறியதாகப் பத்திரிகைகள் எழுதின.

ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளையோடு சிம்ப்சன் கரையில் நின்றார். அவருடைய வேலை முடிந்துவிட்டது. குழந்தையை அந்த ஊர்த் திருச்சபையிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்பியிருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு லண்டன் போகும் கோச் வண்டியில் ஏறினார். வழியில் தங்கிய சத்திரங்களில் தன் கையாலேயே பிள்ளைக்கு ஊட்டினார். லண்டனில் உள்துறை அமைச்சர் சிட்னி பிரபுவைப் பார்க்கப் போனார். அலுவலக ஆட்கள் உள்ளே விடவில்லை. அங்கேயே காத்திருந்து, அமைச்சர் படியிறங்கி வரும் நேரத்தில் அவர் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டார். சிட்னி பிரபு மனமிரங்கினார். குழந்தையைத் தாயிடம் சேர்க்கவும், தகப்பனையும் அதே கப்பலில் அனுப்பவும் உத்தரவிட்டார்.

அதோடு சிம்ப்சனின் அலைச்சல் தீரவில்லை. லண்டனிலிருந்து நார்விச் போய் ஹென்றியை அழைத்துக்கொண்டு, மறுபடி பிளிமத். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே சுமார் 700 மைல் பயணம் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதின. நாடு கடத்தலின் வரலாற்றில் அமைச்சர்கள், ஆளுநர்கள் பெயர்தான் ஊர்களுக்கும் தெருக்களுக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. சிட்னி நகரமே அந்த அமைச்சரின் பெயரில்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் முதலில் நிறுத்த வேண்டிய பெயர் சிம்ப்சன். அவர் வண்டியேறியிருக்காவிட்டால் குடும்பமும் இல்லை, மூட்டையும் இல்லை, வழக்கும் இல்லை.

மூட்டை

செய்தி பரவியதும் லண்டனில் பலருடைய மனதும் இளகியது. கடோகன் சீமாட்டி முன்நின்று சந்தா திரட்டினார். 20 பவுண்டு சேர்ந்தது. கிராமத்துக் கூலியாள் ஒருவர் ஏறக்குறைய ஒரு வருடம் உழைத்தால் கிடைக்கும் பணம் அது. அதில் துணிமணிகளும் புத்தகங்களும் புது இடத்தில் குடித்தனம் நடத்தத் தேவையான மற்ற சாமான்களும் வாங்கி, மூட்டையாகக் கட்டி, அலெக்சாண்டர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பலின் கேப்டன் டங்கன் சின்க்ளேர்.

கேபிள் குடும்பம் ஏறியது வேறொரு கப்பலில், ஃப்ரெண்ட்ஷிப். 1787 மே 13-ல் போர்ட்ஸ்மத்திலிருந்து, கைதிகளை ஏற்றிய அந்த முதல் கப்பல் அணி கிளம்பியது. நன்னம்பிக்கை முனையில் நின்றபோது ஃப்ரெண்ட்ஷிப்பில் இருந்த பெண் கைதிகளை வேறு கப்பல்களுக்கு மாற்றினார்கள். காரணம், அங்கே வாங்கிய ஆடுகளை ஏற்ற இடம் வேண்டும். சூசன்னாவும் குழந்தையும் சார்லட் கப்பலுக்குப் போனார்கள். அமைச்சரின் உத்தரவோடு சேர்த்துவைத்த குடும்பம் கடைசிக் கட்டப் பயணத்தில் மறுபடி பிரிந்தது. கைதியின் குடும்பம் என்பது நிர்வாகத்துக்கு எவ்வளவு இலேசான விஷயம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1788 ஜனவரி 26-ல் அணி சிட்னி கோவ் வந்தடைந்தது. பிப்ரவரி 10-ம் தேதி பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் ஐந்து ஜோடிகளுக்குத் திருமணம் செய்துவைத்தார். அதில் ஹென்றியும் சூசன்னாவும் ஒரு ஜோடி. நார்விச்சில் மறுக்கப்பட்டது இங்கே கிடைத்தது.

சரி, மூட்டை? கேட்டுப் பார்த்தார்கள். சில புத்தகங்கள் மட்டும் வந்து சேர்ந்தன. மதிப்பு சுமார் 5 பவுண்டு. மற்றவை காணோம். துணி கிழிந்தால் மாற்றுத் துணி வாங்கக் கடையே இல்லாத இடம் அது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று ஆளுநருக்கே தெரியாது. அங்கே ஒரு மூட்டைத் துணியின் அருமை இங்கிலாந்து விலையில் அடங்காது.

விசாரணை

சிட்னிக்கென்று ஒரு சிவில் நீதிமன்றம் காகிதத்தில் ஏற்கெனவே இருந்தது. 1787 ஏப்ரல் 2-ம் தேதியிட்ட அரச சாசனம் அதை ஏற்படுத்தியிருந்தது. ஜட்ஜ் அட்வகேட் எனப்படும் தலைமைச் சட்ட அதிகாரி ஒருவர், அவரோடு ஊரில் உள்ள தகுதியான இருவர், ஆக மூன்று பேர். ஜட்ஜ் அட்வகேட்டாக இருந்த டேவிட் காலின்ஸ் கடற்படைக் காலாட்பிரிவின் அதிகாரி. சட்டம் படித்தவர் இல்லை. உடன் உட்கார்ந்தவர்கள் தலைமை மருத்துவர் ஜான் வைட்டும் பாதிரியார் ஜான்சனும். ஐந்து மாதத்துக்கு முன்னால் மனுதாரர்களுக்குத் திருமணம் செய்துவைத்த அதே ஜான்சன்தான். இன்றைய கண்ணுக்கு இது பொருந்தாமல் படும். ஆனால் அந்தச் சின்னக் குடியேற்றத்தில் யாரோடும் சம்பந்தமில்லாத நடுவர் ஒருவரை எங்கே போய்த் தேடுவது?

மனு வந்ததும், கேப்டன் சின்க்ளேரை ஆஜர்படுத்தும்படி நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரியான புரோவோஸ்ட் மார்ஷல் ஹென்றி புருவருக்குக் காலின்ஸ் ஆணை எழுதினார். கேப்டன் வந்தார். மூட்டை அலெக்சாண்டரில் ஏறியது உண்மைதானா, வந்துசேர்ந்தது எவ்வளவு, மீதி என்ன ஆனது என்று விசாரணை நடந்தது. 20 பவுண்டு மூட்டையில் 5 பவுண்டு புத்தகம் போக மீதி 15 பவுண்டை சின்க்ளேர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

தேதிகளைக் கவனித்தால் ஒரு விஷயம் விளங்கும். அலெக்சாண்டர் ஜூலை 14-ல் சிட்னியை விட்டுக் கிளம்பிவிட்டது. கேபிள் தம்பதி இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் பிரதிவாதி கடலில் இருந்திருப்பார். கேப்டன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று யாரோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது ஹென்றியா, சூசன்னாவா, அவர்களுக்கு யோசனை சொன்ன வேறு யாருமா என்பதற்குப் பதிவில்லை.

எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமாகப் படுவது தீர்ப்பு அல்ல. மனுவில் உள்ள ஒரு அடித்தல். வழக்குப் போடுபவர் யார், என்ன தொழில் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இவ்விடத்துப் புதுக் குடியேறிகள்’ என்று எழுதி, அதை அடித்திருக்கிறது. அடித்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. ‘கைதிகள்’ என்று எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே செத்திருக்கும். ‘குடியேறிகள்’ என்பது உண்மையில்லை. ஆகவே வெறுமனே விட்டுவிட்டார்கள். அந்தக் காலி இடத்தின் வழியாகத்தான் இரண்டு கைதிகள் நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்கள்.

ஏன் யாரும் தடுக்கவில்லை?

இங்கிலாந்துச் சட்டத்தில், பெருங்குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றவர் உயிரோடு இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் செத்தவர். சொத்து வைத்துக்கொள்ள முடியாது, ஒப்பந்தம் போட முடியாது, வழக்காட முடியாது. தண்டனையைக் குறைத்து நாடு கடத்தினாலும் இந்தக் கறை தானாகப் போய்விடாது. சின்க்ளேர் எழுந்து நின்று ‘இவர்கள் தண்டனைக் கைதிகள், இவர்களுக்கு வழக்குப் போட உரிமை இல்லை’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பதிவில் அப்படி ஒரு வரி இல்லை.

காலின்ஸுக்குச் சட்டம் தெரியாது, அதனால் நடந்துவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த அடித்தலைப் பார்த்த பிறகு எனக்கு அது நிற்பதாகத் தெரியவில்லை. தெரியாதவர் எதையாவது எழுதிவிட்டுப் போயிருப்பார். எழுதியதை அடித்து வெற்றாக விட்டவருக்கு அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

இரண்டாவது விளக்கம் நடைமுறை சார்ந்தது. அதில்தான் எனக்கு நம்பிக்கை. கரையில் இருந்தவர்களில் பெரும்பான்மை கைதிகள். ஊரில் பெரும்பாலோருக்குச் சொத்தும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, முறையிடவும் வழியில்லை என்றால் அங்கே கொடுக்கல் வாங்கல் எதுவும் நடக்காது. கையில் பலமுள்ளவன் வைத்ததே சட்டமாகிவிடும். ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்புக்கு இது புரியாமல் இருந்திருக்காது. தண்டனை முடிந்த கைதிகளுக்கு நிலம் கொடுத்துப் பயிர் செய்ய வைக்கும்படிதான் அவருக்கு வந்த உத்தரவே சொன்னது. நாளைக்கு நிலம் கொடுக்கப் போகிறவர்களை இன்றைக்குச் சட்டத்தின் முன் பிணமாக நடத்துவது ஒத்துவராது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அலுவலகக் காகிதம் பற்றித் தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் தண்டனை பெற்றவர் என்று வாயால் சொன்னால் போதாது, தண்டனைப் பதிவைக் காட்டி நிரூபிக்க வேண்டும். கைதிகள் யார் யார், எத்தனை வருடம் என்ற ஆவணங்களோ முதல் அணியோடு வந்து சேரவே இல்லை. ஃபிலிப் இதைப் பற்றி லண்டனுக்குக் குறைப்பட்டு எழுதினார். ஆக, சின்க்ளேர் ஆட்சேபித்திருந்தாலும் நார்ஃபோக் நீதிமன்றப் பதிவை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

அந்த ஆவணங்கள் இல்லாததால் எல்லாக் கைதிகளும் பிழைத்துக்கொள்ளவில்லை. 1789-ல் ஜான் கல்லிஹார்ன் என்ற கைதி, தன் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, இனி தான் சுதந்திர மனிதன் என்று முறையிட்டார். பேச்சுவாக்கில் துணை ஆளுநரின் பெயரை இழுத்ததற்காக அவதூறு வழக்கு வந்தது. 600 சவுக்கடி, கூடவே கால் விலங்கோடு ஆறு மாத வேலை. அவர் காலம் உண்மையிலேயே முடிந்துதான் இருந்தது. காகிதம் இல்லாமை கேபிளுக்குக் கதவைத் திறந்தது, கல்லிஹார்னுக்கு அடைத்தது. பிரிட்டிஷ் நீதியின் பெருமைக்கு கேபிள் வழக்கை மட்டும் எடுத்துக்காட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எட்டாத இடங்கள்

இதே காலின்ஸ் தலைமையிலான குற்றவியல் நீதிமன்றம், கேபிள் வழக்குக்கு நான்கு மாதம் முன்பு, பிப்ரவரி 27-ல், தாமஸ் பாரெட் என்ற இளைஞரைத் தூக்குக்கு அனுப்பியது. பொது உணவுக் கிடங்கிலிருந்து திருடினார் என்பது குற்றம். அங்கே நிறைவேறிய முதல் மரண தண்டனை அது. கைதியின் மூட்டை களவு போனால் 15 பவுண்டு. கிடங்கின் சாப்பாடு களவு போனால் கயிறு. ஒரே அதிகாரி, ஒரே கடற்கரை.

கப்பல் கேப்டனைப் பொறுப்பாளியாக்கிய தீர்ப்பு என்றும் கேபிள் வழக்கைச் சொல்வதுண்டு. அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் போனது என்பதை இரண்டாண்டு கழித்துப் பார்க்க முடிந்தது. 1790-ல் வந்த இரண்டாவது அணியில், தனியார் ஒப்பந்தக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு சுமார் ஆயிரம் கைதிகளை ஏற்றினார்கள். உயிரோடு இறக்கினாலும் பிணமாக இறக்கினாலும் அவர்களுக்குக் கூலி ஒன்றுதான். ஏறக்குறைய நான்கில் ஒருவர் வழியிலேயே செத்தார். நெப்டியூன் என்ற ஒரு கப்பலில் மட்டும் 150 பேருக்கு மேல். அதன் கேப்டன் டொனால்டு டிரெயில் மீது 1792-ல் லண்டனில் கொலை வழக்கு நடந்தது, விடுதலை ஆகிவிட்டார். தொலைந்த மூட்டைக்குப் பதில் சொன்ன கேப்டன் உண்டு. தொலைந்த உயிர்களுக்குப் பதில் சொன்ன கேப்டன் இல்லை. இந்தக் கணக்கை எழுதும்போது இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

அப்புறம், அந்தக் கடற்கரை யாருடையது என்ற கேள்வி. சிட்னி கோவ் கடிகல் என்ற பூர்வகுடி மக்களின் இடம். மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்த நிலத்தில், அவர்களோடு எந்த உடன்படிக்கையும் செய்யாமல், நீதிமன்றம் அமைத்து மூட்டைக்கு நஷ்டஈடு விசாரித்தார்கள். நிலத்துக்கு நஷ்டஈடு கேட்க அங்கே யாருக்கும் மனுத்தாள் இல்லை. அடுத்த வருடமே, 1789-ல், பெரியம்மை பரவியது. சிட்னியைச் சுற்றி இருந்த பூர்வகுடிகளில் பாதிப் பேர் அதில் போய்விட்டதாக ஃபிலிப் எழுதினார். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற வாதத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தூக்கியெறிந்தது 1992-ல்.

கேபிள் குடும்பம்

ஃபிலிப் ஹென்றியை வேலைக் கண்காணியாக நியமித்தார். பிறகு கான்ஸ்டபிள், இரவுக் காவல், கடைசியில் தலைமை கான்ஸ்டபிள். குற்றவாளியையே காவலுக்கு வைப்பதா என்று தோன்றும். கடற்படைக் காலாட்பிரிவினர் கைதிகளை மேய்க்கும் வேலை தங்களுடையதல்ல என்று ஒதுங்கிக்கொண்டதால் ஃபிலிப்புக்கு வேறு ஆள் இல்லை. 1802-ல் வெளிக் கப்பலிலிருந்து பன்றிகளை விதிமீறி வாங்கி இறக்கியதாக அந்தப் பதவி பறிபோனது.

அதற்குள் அவர் வேறு தளத்துக்கு நகர்ந்திருந்தார். 1798-ல் ஒரு மதுக்கடையோடு கூடிய விடுதி தொடங்கினார். படகு கட்டும் ஜேம்ஸ் அண்டர்வுட்டோடு கூட்டுச் சேர்ந்து, பாஸ் நீரிணையில் கடல்நாய் வேட்டைக்கு ஆள் அனுப்பினார். பிறகு சிமியன் லார்டும் சேர்ந்தார். மூவருமே கைதிகளாக வந்தவர்கள். தோலும் எண்ணெயும் ஏற்றுமதி செய்து, பட்டாளத்து அதிகாரிகள் கையில் இருந்த வியாபாரத்தில் பங்கு பிடித்தார்கள். ஆளுநர் வில்லியம் பிளைக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. மரியாதையில்லாமல் கடிதம் எழுதினார்கள் என்று சொல்லி மூவருக்கும் ஆளுக்கு 100 பவுண்டு அபராதமும் ஒரு மாதச் சிறையும் விதித்தார்.

கூட்டாளிகளுக்குள் பின்னால் மனக்கசப்பு வந்தது. கோர்ட், கேஸ் என்று நீண்டது. கேபிளுக்கு வழக்காடுவது அப்போது பழகிப்போன விஷயம். 1811-ல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை ஊரான விண்ட்சருக்குக் குடிபெயர்ந்து கடையும் பீர் காய்ச்சும் ஆலையும் நடத்தினார். சூசன்னா பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1825 நவம்பர் 8-ல் காலமானார். ஹென்றி 1846 மார்ச் 16 வரை இருந்தார். சூசன்னாவைப் பற்றிய பதிவு ஹென்றியைப் பற்றியதில் கால்வாசிகூட இல்லை. விடுதியையும் கடையையும் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டாம்.

இவர்களை வைத்து எல்லாக் கைதிகளும் இப்படி வாழ்ந்தார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதல் அணியில் வந்தவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: ஊரே அப்போதுதான் முளைத்தது, எல்லா வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. 1830-களில் பெரும் பண்ணைகளுக்கு ஒதுக்கப்பட்டு, கால் விலங்கு பூட்டிய கும்பல்களில் சாலை போட்ட கைதிக்கு அந்த வாசல் மூடியிருந்தது.

அதே கேள்வி, 32 வருடம் கழித்து

1788-ல் சின்க்ளேர் கேட்காமல் விட்ட கேள்வி அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் முன்னாள் கைதிகள் நிலம் வாங்கினார்கள், கடன் கொடுத்தார்கள், கப்பல் கட்டினார்கள், ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டார்கள். எல்லாம் கேபிள் வழக்கில் பிறந்த வழக்கத்தின் மேல் நின்றது. சட்டத்தில் ஒரு வரிகூட அதற்கு ஆதாரமாக இல்லை.

1820-ல் அந்தக் குறை வெளியே வந்தது. எட்வர்ட் ஈகர் என்பவர் அயர்லாந்தில் வழக்கறிஞராக இருந்து, போலிப் பத்திர வழக்கில் தண்டிக்கப்பட்டு வந்தவர். ஆளுநரிடம் மன்னிப்பும் பெற்றிருந்தார். அவர் நீதிபதி பாரன் ஃபீல்டு மீதே வழக்குப் போட்டபோது, தண்டனை பெற்றவருக்கு வழக்காடும் உரிமை இல்லை என்ற பழைய ஆயுதத்தை ஃபீல்டு எடுத்தார். அதற்கு முந்தைய வருடம்தான் லண்டனில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது: காலனி ஆளுநர் கொடுக்கும் மன்னிப்பு, அரச முத்திரையோடு இங்கிலாந்தில் வெளியாகும் மன்னிப்பில் பெயர் சேரும் வரை முழுமையாகாது என்று.

ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பட்டா, கடன் பத்திரம், வியாபாரம் எல்லாம் அந்தரத்தில் தொங்கின. சிட்னியின் பாதிச் சொத்து அவர்கள் கையில். கேட்டால் சட்டப்படி அவர்கள் இறந்தவர்கள். 1821-ல் முன்னாள் கைதிகள் கூட்டம் போட்டு மன்னருக்கு மனு எழுதினார்கள். அதை எடுத்துக்கொண்டு ஈகரும், கைதியாக வந்து மருத்துவராகப் பெயரெடுத்த வில்லியம் ரெட்ஃபெர்னும் லண்டனுக்குக் கப்பலேறினார்கள். 1823-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் காலனிக்காக நிறைவேற்றிய சட்டம், ஆளுநரின் மன்னிப்புகளுக்கு அரச முத்திரையிட்ட மன்னிப்பின் வலுவைக் கொடுத்தது. மன்னிப்புப் பெற்றவர்களுக்கு அதோடு பயம் தீர்ந்தது. தண்டனைக் காலம் ஓடிக்கொண்டிருந்த கைதிக்கு, அதாவது 1788 ஜூலையில் ஹென்றியும் சூசன்னாவும் எந்த நிலையில் மனு கொடுத்தார்களோ அதே நிலையில் இருந்தவருக்கு, அந்த மன்னிப்புப் பிரிவில் எதுவும் இல்லை.